றிஸ்லாவின் வலது கை

றிஸ்லா விழுந்தது பெரிய உயரத்திலிருந்தல்ல. ஆலங்குடாக் கரையில் இழுத்துப் போட்டிருக்கும் பைபர் வள்ளங்களின் விளிம்பில் ஏறி நின்று மணலில் குதிப்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழக்கமான விளையாட்டு. ஏழு வயதுக்குள் அவளும் எத்தனையோ தரம் அப்படிக் குதித்திருக்கிறாள். அன்று சட்டை விளிம்பு எதிலோ மாட்டி இழுக்க, வலது கையை முன்னால் ஊன்றிக்கொண்டு விழுந்தாள். கூட விளையாடிய பிள்ளைகள்தான் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

அவளுடைய உம்மா ஸபீனா தையல் மெஷினில் இருந்தாள். முகம் வெளிறிப்போய், இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடி வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்ததும் எழும்பி ஓடினாள். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே கை பின்பக்கமாக வளைந்து கிடந்தது. றிஸ்லா தொட விடவில்லை.

"உம்மா, ஏசாதீங்க" என்றாள்.

ஸபீனா கணவனுக்குப் போன் எடுத்தாள். ஸஜீத்துக்குக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை. காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்குப் பட்டம் விரித்துக் கொடுப்பதும், காற்று இழுத்துக்கொண்டு போனவர்களைப் படகில் போய் ஏற்றி வருவதும் அவன் பொறுப்பு. ஈரக் காற்சட்டையோடு வந்து சேர்ந்தான். பக்கத்து வளவு ஜபாரின் ஓட்டோவில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

எக்ஸ்ரே எடுத்த இளம் டொக்டர் சிங்களவர். ஸஜீத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதால் விளக்கமாகவே சொன்னார். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து இரண்டு துண்டும் விலகி நிற்கிறது. முறிந்த முனை இரத்தக் குழாயை அழுத்துகிறது, மணிக்கட்டில் நாடி மெல்லியதாகத்தான் கிடைக்கிறது. மயக்கம் கொடுத்து, எலும்பை நேராக்கி, கம்பி போட வேண்டும். அதற்கு இன்றைக்கே சிலாபத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அம்புலன்ஸ் ஒரு பிரசவக்காரியை ஏற்றிக்கொண்டு புத்தளம் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறேன், அதுவரை பிள்ளைக்குச் சாப்பிட ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றார். கையைக் கொஞ்சமாக மடித்து, பஞ்சு வைத்து, தளர்வாக ஒரு கட்டுப் போட்டுவிட்டுப் போனார்.

மூவரும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மயக்கம் குடுக்கோணுமாம்" என்றான் ஸஜீத்.

"ஓம். கேட்டன்தானே."

அவன் எதை நினைக்கிறான் என்று ஸபீனாவுக்குத் தெரியும். ஸஜீத்துக்கு பரீனா என்று ஒரு தங்கச்சி இருந்தாள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் போல அவர்களும் துரத்தப்பட்டு வந்து, ஆலங்குடா அகதி முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலம் அது. வயிற்றுவலி என்று பிள்ளையைக் கொண்டுபோனபோது குடல் வெடித்துப் பிந்திவிட்டிருந்தது. மயக்கம் கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். பரீனா பிறகு கண் திறக்கவில்லை. அப்போது ஸஜீத் பன்னிரண்டு வயதுப் பையன். தியேட்டர் கதவுக்குள் போகுமுன் தங்கச்சி தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்பதை மட்டும் கலியாணமான புதிதில் ஒருமுறை மனைவியிடம் சொல்லியிருக்கிறான். பிறகு அந்தக் கதையை அவன் எடுத்ததில்லை.

அவன் எழும்பிப் போய் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்று போனில் கதைத்தான். திரும்பி வந்து, "மாமா கொண்டு வரச் சொல்றார்" என்றான்.

மாமா என்றால் ஹயாத்து முகம்மது, ஸஜீத்தின் உம்மாவுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன். அவர்களுக்கு அடுத்த வேலிதான். முகாம் காலத்திலிருந்தே கை முறிந்தவர்கள், கால் பிசகியவர்கள் எல்லோரும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். யாரிடமும் ஒரு சதம் வாங்கமாட்டார். ஸஜீத்தின் மணிக்கட்டு ஒருமுறை முறிந்தபோதும் அவர்தான் கட்டினார். அது நன்றாகவே கூடியது.

"டொக்டர் நாடி மெதுவா ஓடுதெண்டு சொன்னாரே" என்றாள் ஸபீனா.

"மாமாக்கு நாடி பாக்கத் தெரியாதா?"

"இல்ல, நான் சொல்றது..."

"ஸபீனா, எண்ட புள்ளய நான் அந்தக் கதவுக்குள்ள அனுப்பமாட்டன்."

அவன் குரல் உயரவில்லை. ஆனால் உதடு நடுங்கியதை ஸபீனா கண்டாள். அம்புலன்ஸ் வருமுன் அவர்கள் ஜபாரின் ஓட்டோவில் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஹயாத்து முகம்மது பாயை விரித்துக் காத்திருந்தார். பிள்ளையின் தலையைத் தடவி, "என்ட ராசாத்திக்கு ஒண்டுமில்ல" என்றார். பஞ்சுக் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது முழங்கை நன்றாக வீங்கியிருந்தது. எண்ணெய் பூசி, ஸஜீத்தைத் தோளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கையை நீட்டி இழுத்தார். றிஸ்லா கத்திய கத்தலில் வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கூடினார்கள். இழுத்து முடித்ததும் இலை அரைத்த பத்தை அப்பி, சுற்றிவர மூங்கில் சிம்புகளை வைத்து, துணியால் தோளுக்குக் கீழிருந்து மணிக்கட்டுவரை இறுக்கிக் கட்டினார்.

"ஆடாம இருந்தாத்தான் எலும்பு கூடும்" என்றார். "இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமைக்கு அவிழ்த்து மாத்திக் கட்டுவம்."

அன்று முழுக்க றிஸ்லா அழுதாள். கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். விரல்கள் கட்டுக்கு வெளியே உப்பிக்கொண்டு நின்றன. விடிந்ததும் ஸபீனா மாமாவிடம் போய்ச் சொன்னாள்.

"மகள், முறிஞ்ச எலும்பு கூடுற நேரம் நோகத்தான் செய்யும். நோகாம ஒரு முறிவும் கூடினதில்ல."

"விரல் வீங்கிக் கிடக்கு மாமா. நீட்டிவிட்டா உயிர் போற மாதிரிக் கத்துறாள்."

"கைய உயர்த்தி வைங்க. தலகணி ஒண்டக் குடுங்க."

ஸபீனா தலகணி வைத்தாள். பனடோல் கரைத்துக் கொடுத்தாள். யாஸீன் ஓதி ஊதினாள். பிள்ளையின் அழுகை குறையவேயில்லை. கட்டின் முடிச்சில் இரண்டு தடவை அவள் கை போனது. அவிழ்த்து, எலும்பு விலகிப் பிள்ளை முடமாகிவிட்டால் எல்லோரும் தன்னைத்தான் குறை சொல்வார்கள் என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் றிஸ்லா அழுவதை நிறுத்தினாள்.

வீடே இலேசானது போல இருந்தது. பாணும் பருப்பும் கொஞ்சம் தின்றாள். ஸஜீத் மாமா வீட்டு வாசலில் நின்று, "நோவு குறைஞ்சிட்டு மாமா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர். ஸபீனாவும் பல நேரம் விட்டுப்போன தொழுகையைத் தொழுதுவிட்டு வந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் பாயில் சாய்ந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மெல்லப் பிடித்துத் தடவினாள். அவை குளிர்ந்து கிடந்தன. மீன்பெட்டியில் ஐஸோடு கிடந்ததைத் தொட்டது மாதிரி இருந்தது.

றிஸ்லா முகட்டைப் பார்த்தபடி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஸபீனா ஒரு விரலை நுள்ளினாள். பிள்ளையின் கதை நிற்கவில்லை. இன்னும் அழுத்தி நுள்ளினாள்.

"மகள், உம்மா என்ன செய்றன் சொல்லு."

றிஸ்லா அவள் முகத்தைப் பார்த்தாள். "சும்மா இருக்கிறீங்க" என்றாள்.

ஸபீனா தையல் மெஷின் இலாச்சியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். ஒருவரிடமும் கேட்கவில்லை. துணியை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி வெட்டினாள். சிம்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. உள்ளே கை கத்தரிக்காய் நிறத்தில் பளபளத்து, கொப்புளம் போட்டு, கல்லைப் போல இறுகியிருந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து ஜபாரைக் கூப்பிட்டாள்.

"சிலாபத்துக்கு" என்றாள்.

"ஸஜீத்..."

"சிலாபத்துக்குப் போங்க ஜபார் நானா."

பாலாவிச் சந்தி தாண்டும்வரை அவள் கணவனுக்குப் போன் எடுக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகளின் எலும்பு முறிவுகளைப் பார்த்த சத்திர சிகிச்சை டொக்டர் அருள்குமரன் தமிழர். மெலிந்த மனிதர், குரலும் மெல்லியது. றிஸ்லாவின் கையைத் தொட்டுப் பார்த்தார், விரல்களை நீட்டிப் பார்த்தார். எப்போது விழுந்தது, எப்போது கட்டியது, எப்போது அழுகை நின்றது என்று கேட்டார். கடைசிக் கேள்விக்கு ஸபீனா பதில் சொன்னபோது ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"அம்மா, நான் ஒளிக்காமல் சொல்லுறன். வீக்கம் உள்ளுக்கு, கட்டு வெளியில. நடுவில சதை நசுங்கிப்போச்சு. இரத்தம் போகேல்ல. அழுகை நிண்டது நோவு மாறினதால இல்ல, நரம்பு உணர்வு இழந்ததால."

"கை போயிடுமா சேர்?"

"கையைக் காப்பாத்தப் பாக்கிறன். இப்பவே தியேட்டருக்குக் கொண்டுபோகோணும். முன்னங்கையைத் திறந்து அழுத்தத்தைக் குறைச்சு, எலும்பை நேராக்கிக் கம்பி போடுவம். உள்ளுக்கு எவ்வளவு சதை உயிரோட இருக்குதெண்டு திறந்தாத்தான் தெரியும். எடுக்க வேண்டி வந்தா எடுக்கத்தான் வேணும். அதுக்கும் நீங்க கையெழுத்து வைக்கோணும்."

ஸபீனா கையெழுத்து வைத்தாள். பிள்ளையின் காதில் கிடந்த தோட்டைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "உம்மாவும் வாங்க" என்றாள் றிஸ்லா. தள்ளுகட்டிலோடு கதவுவரைக்கும்தான் அவளைப் போக விட்டார்கள்.

ஸஜீத் வந்து சேர்ந்தபோது பிள்ளை உள்ளேதான் இருந்தாள். மனைவியை அவன் ஒன்றும் கேட்கவில்லை. தியேட்டர் கதவுக்கு எதிரே சுவரில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்தான். வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், "எழும்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டான். கூட்டுகிறவர் ஒருவர், "பயப்படாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸபீனா தஸ்பீஹ் உருட்டியபடி அவனைப் பார்த்தாள். கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று அங்கே குந்தியிருப்பது போல இருந்தது.

அஸர் தொழுகை நேரம் தாண்டிக் கதவு திறந்தது. தள்ளுகட்டிலில் றிஸ்லா வெள்ளைத் துணிக்குள் சின்னதாகக் கிடந்தாள். ஸஜீத் குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில், "றிஸ்லா, வாப்பாவப் பாரு, வாப்பாவப் பாரு" என்றான். இமை மெல்லத் திறந்தது. "தண்ணி" என்றாள் பிள்ளை.

ஸஜீத் அந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "எழும்பிட்டாள் ஸபீனா, எழும்பிட்டாள்" என்றான். போனை எடுத்து மாமாவுக்கும் அதைச் சொன்னான். தள்ளுகட்டிலுக்குப் பின்னாலேயே அவன் வார்டுக்குப் போய்விட்டதால், டொக்டர் வெளியே வந்து சொன்னதை ஸபீனா தனியேதான் கேட்டாள்.

எலும்பை நேராக்கி இரண்டு கம்பி போட்டாயிற்று. விரல் நுனிவரை இரத்தம் ஓடுகிறது. கை இருக்கும். ஆனால் விரல்களை மடக்கி விரிக்கிற சதையில் பெரும்பகுதி இறந்துவிட்டது, அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மிஞ்சியதைக் கொண்டு அந்தக் கை என்ன செய்யும், என்ன செய்யாது என்று இப்போது சொல்ல முடியாது.

"நாங்க நேத்து வந்திருந்தா?" என்று கேட்டாள் ஸபீனா.

டொக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இனி அதை யோசிக்காதீங்க அம்மா" என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நேத்தெண்டா மிச்சம் இருந்திருக்கும்" என்றார் பிறகு.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் உடப்பைச் சேர்ந்த இலட்சுமி தன் மகனோடு இருந்தாள். அவனும் அதே முழங்கையைத்தான் முறித்திருந்தான், கோயில் தேர்முட்டியிலிருந்து விழுந்து. விழுந்த உடனேயே கொண்டுவந்துவிட்டார்கள். அவனுக்கும் இரண்டு கம்பி. அவன் அந்தக் கையாலேயே பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"உங்கட பிள்ளைக்கும் ரெண்டு கம்பிதானே தங்கச்சி? கெதியாச் சுகமாயிடும்" என்றாள் இலட்சுமி.

ஸபீனா தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த நாள் அவர்கள் ஆஸ்பத்திரித் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். போகுமுன் இலட்சுமி றிஸ்லாவின் கட்டிலில் இரண்டு தோடம்பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

றிஸ்லா பல வாரம் அங்கே கிடந்தாள். திறந்துவிட்ட முன்னங்கையை மூட முடியவில்லை. காயம் கட்டும் நாள்களில் நர்ஸ் வண்டியின் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே உம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இன்னொரு தடவை மயக்கம் கொடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்துக் காயத்தில் ஒட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் ஸஜீத் கதவுக்கு வெளியே குந்தியிருந்தான். ஒவ்வொரு தடவையும் பிள்ளை கண் திறந்தாள்.

கம்பிகளைக் கழற்றிய நாளில் டொக்டர் புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஸஜீத் கிட்டப் போய்ப் பார்த்தான். முறிவு இருந்த இடமே தெரியவில்லை. எலும்பு வரைந்தது போல நேராக இருந்தது.

"நல்லாக் கூடியிருக்கு என்ன சேர்?" என்றான்.

"ஓம். எலும்பில ஒரு குறையும் இல்ல."

"அப்ப விரல் எப்ப நீளும்?"

டொக்டர் எக்ஸ்ரேயை உறையில் போட்டார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொல்லி, மனைவிக்கு முன்பு சொல்லி, அவள் அவனிடம் சொல்லாமலிருந்ததையெல்லாம் அவனுக்கும் முதலிலிருந்து சொன்னார். ஸஜீத் கேட்டுக்கொண்டேயிருந்தான். மேசையின் மறுபக்கத்தில் றிஸ்லா வலது கையை மடியில் வைத்திருந்தாள். மணிக்கட்டு உள்நோக்கி வளைந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தன. இடது கையால் ஒரு விரலை நிமிர்த்தினாள். விட்டதும் அது பழையபடி போய்ச் சுருண்டுகொண்டது.

பஸ்ஸில் திரும்பும்போது ஸஜீத் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நீ சொன்னாய்தானே, நாடி மெதுவா ஓடுதெண்டு" என்றான். அவன் அதைப் பிறகு எப்போதும் பேசவில்லை. அந்த டிசம்பரில் மன்னாருக்குத் திரும்பிப் போவதென்று காணி துப்புரவாக்கி வைத்திருந்தான். யுத்தம் முடிந்த பிறகு அயலில் பாதிப் பேர் அப்படிப் போய்விட்டார்கள். கிளினிக்கும் பயிற்சியும் சிலாபத்தில் என்பதால் இவர்கள் போகவில்லை. காணி மறுபடி காடு பிடித்தது.

ஹயாத்து முகம்மது ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று வந்தார். கதிரையில் உட்காராமல் நின்றபடியே அந்தக் கையை எடுத்துப் பார்த்தார், தையல் தழும்பை, ஒட்டிய தோலை, சுருண்ட விரல்களை. றிஸ்லா பேசாமல் காட்டிக்கொண்டிருந்தாள்.

"டொக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

ஸஜீத் தலையைக் குனிந்துகொண்டான். ஸபீனா வாயைத் திறந்தாள். கணவன் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"சதையில பழுதாம் மாமா" என்றான் ஸஜீத்.

அவர் கையை மெல்ல விட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு யார் முறிவென்று வந்தாலும், கண் தெரியவில்லை, கையில் பெலனில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஏனென்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் ஊர் தானாக ஒன்றைச் சொல்லிக்கொண்டது. நல்லாக் கட்டியிருந்த கட்டை உம்மாக்காரி வெட்டி எறிந்துவிட்டு, ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையின் கையைக் கெடுத்துவிட்டாள் என்று. குழாயடியில் ஸபீனாவின் காதிலும் அது விழுந்தது. வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

றிஸ்லா இடது கையால் எழுதப் பழகினாள். எழுத்து கோணலாக வந்து பிறகு நேரானது. சாப்பாடுதான் கஷ்டமாக இருந்தது. இடது கையால் சாப்பிட்டால் குற்றமில்லை, இயலாதவருக்குச் சலுகை உண்டு என்று மௌலவி சொல்லியிருந்தார். ஆனால் ஒரு கலியாண வீட்டில் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்தபோது, றிஸ்லாவின் இடது கை சோற்றுக்கு வர, எதிரே இருந்த பெண் தன் பக்கத்துச் சோற்றை மெல்ல ஒதுக்கிக்கொண்டாள். றிஸ்லா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பசிக்கவில்லை என்றாள். அதற்குப் பிறகு விசேஷ வீடுகளுக்கு அவள் வருவதில்லை. சட்டைக் கைகளை விரல் மறையும் அளவுக்கு நீளமாகத் தைக்கச் சொன்னாள். ஸபீனா அப்படியே தைத்துக் கொடுத்தாள்.

மறு ஆண்டு தசைநாண்களை இடம் மாற்றி ஒரு ஒப்பரேஷன் செய்தார்கள். மணிக்கட்டு கொஞ்சம் நிமிர்ந்தது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பென்சிலைச் சொருகினால் பிடித்துக்கொள்ளும். இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டொக்டர் அருள்குமரன் சொன்னார். அவருக்கும் அது கவலையாகவே இருந்தது.

அதற்கு அடுத்த நோன்புப் பெருநாள் கழிந்து, ஒரு பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை கதறும் சத்தம் கேட்டது. ஸபீனா எட்டிப் பார்த்தாள். கீழைத் தெரு சுல்பா தன் மகன் ஸப்ரானைத் தூக்கிக்கொண்டு ஹயாத்து முகம்மதுவின் வாசலில் நின்றாள். ஐந்து வயது. அவனுடைய இடது முழங்கை, அன்று றிஸ்லாவின் கை நின்றது போலவே பின்பக்கமாக வளைந்து நின்றது.

"நான் கட்டுறத விட்டுட்டன் மகள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஹயாத்து முகம்மது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"கொண்டு போனன் மாமா. கம்பி போடோணுமாம். நான் போடமாட்டன். றிஸ்லாட கையத்தான் பாத்தமே. கம்பி போட்டுத்தானே அந்தப் புள்ள அப்படி ஆச்சு. நீங்க ஒருக்காக் கட்டிவிடுங்க. எனக்கு இவன் ஒருவன்தான்." சுல்பா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

கிழவர் பிள்ளையைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். கை மெல்லப் பிள்ளையின் தோள் பக்கம் போனது. தேற்றப் போனதா, இழுத்துப் பார்க்கப் போனதா என்று ஸபீனாவுக்குத் தெரியவில்லை. அவள் வேலியைச் சுற்றி ஓடினாள்.

"சுல்பா, கட்ட வேணாம்" என்றாள்.

"நீங்க சொல்லாதீங்க ஸபீனா தாத்தா. நீங்க வெட்டி எறிஞ்சீங்க, பிறகு என்ன நடந்த?"

ஸபீனா மாமாவின் முகத்தைப் பார்த்தாள். மரியாதையானவர். கஷ்டகாலத்தில் தன் பங்கு மாவைத் தங்கச்சியின் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் என்று ஸஜீத் சொல்லியிருக்கிறான். அவர் முன்னால் அதை எப்படிச் சொல்வதென்று அவளுக்கு வாய் வரவில்லை. அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. றிஸ்லா வந்திருந்தாள். சுல்பா சொன்னது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். இடது கையால் வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி உயர்த்திக்கொண்டு சுல்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"கம்பி போட்டது இதில, மாமி" என்று முழங்கையில் இருந்த இரண்டு சின்னப் புள்ளிகளைக் காட்டினாள். "இதில ஒண்டும் இல்ல. இங்கதான் கட்டினது." மணிக்கட்டுவரை நீண்ட தழும்பையும் மடிந்த விரல்களையும் காட்டினாள். "கட்டினதில கை செத்துப்போச்சு. உம்மா வெட்டாட்டி முழுசா எடுத்திருப்பாங்க."

ஸப்ரான்கூட அழுகையை நிறுத்தி அந்தக் கையைப் பார்த்தான்.

ஹயாத்து முகம்மது வாசற்படியில் உட்கார்ந்தார். "ஓம்" என்றார். "நான்தான் கட்டின. இறுக்கிக் கட்டின. கொண்டு போ மகள், இப்பவே கொண்டு போ."

ஜபாரின் ஓட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகும் அவர் அங்கேயே இருந்தார். றிஸ்லா சட்டைக் கையை இறக்கிவிடப் பார்த்தாள், ஒரு கையால் முடியவில்லை. அவர் கையை நீட்டி, அதை மெல்ல இழுத்து விரல் மறையும்வரை இறக்கிவிட்டார். "மூத்தாப்பாவ மன்னிச்சிரு புள்ள" என்றார். றிஸ்லா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உம்மாவிடம் வந்துவிட்டாள்.

மாரி மழைக்கு முன்பே ஹயாத்து முகம்மது மவுத்தாகி அடக்கப்பட்டார். ஸப்ரானுக்கு விழுந்த அடுத்த மாதமே கம்பி கழற்றியிருந்தார்கள். ஒருநாள் சுல்பா தட்டில் வட்டிலாப்பம் எடுத்துக்கொண்டு வந்து, ஸபீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள். ஸப்ரான் முற்றத்தில் றிஸ்லாவின் பந்தை எறிந்து எறிந்து பிடித்தான்.

அவர்கள் போன பிறகு றிஸ்லா தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உம்மா, அவன்ட கை முழுசாச் சுகமா?"

"ஓம் மகள்."

"விரல் எல்லாம் நீளுமா?"

"நீளும்."

"இறுக்கிப் பொத்தவும் ஏலுமா?"

"ஏலும். உன்னாலதான் மகள்."

றிஸ்லா தலையாட்டினாள். பிறகு அவள் முகம் கோணியது. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு அந்தக் கைக்காக அவள் ஒருநாளும் அழுததில்லை. இப்போது உம்மாவின் மடியில் தலையைப் போட்டுக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட அழுதாள். அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஸஜீத் கேத்தலை வைத்துவிட்டு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிட்ட வர அவனுக்குத் துணிவு வரவில்லை.

ஸபீனா மெஷினில் இருந்த துணியைத் தள்ளிவிட்டு, அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.